ப்ளஸ் டூ போடுங்கண்ணே

என் கடை தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் பத்துப் பதினைந்து நாளைக்கு உட்கார இடம் இருக்காது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிற பையன், கல்வித் தகுதி என்ற இடம் வந்ததும் குரலை இறக்குவான்.

"பி.எஸ்சி.தானே தம்பி? எந்த வருசம் முடிச்ச?"

"ப்ளஸ் டூ போடுங்கண்ணே."

"காலேஜ் முடிச்சிட்டான்னு உங்க அம்மா சொன்னாங்களே?"

"முடிச்சிட்டேண்ணே. ரெண்டு பேப்பர் நிக்குது."

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால் விண்ணப்பம் போய்விடும். ஆனால் பட்டம் கேட்கிற குரூப் 2, வங்கித் தேர்வு, எஸ்.ஐ. தேர்வு எதற்கும் அவன் என் கடைப் பக்கம் வரமாட்டான்.

எங்கள் ஊரில் 'காலேஜ் முடிச்சிட்டான்' என்றால் மூன்று வருடம் பஸ் ஏறிப் போய் வந்துவிட்டான் என்று பொருள். பட்டம் கைக்கு வந்ததா என்று வீட்டில் கேட்பதில்லை. கேட்கத் தெரியாது. படித்தவர்கள் இல்லாத வீட்டில் மார்க்‌ஷீட், ப்ரொவிஷனல், பட்டச் சான்றிதழ் மூன்றும் ஒரே காகிதம்தான். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்று இந்தப் பிள்ளைகளை யாரும் சொல்வதும் இல்லை. கட்டணம் முழுக்கக் கட்டியிருக்கிறார்கள், ஆறு செமஸ்டரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தேறாமல் நிற்கிற ஒரு பேப்பரோ ரெண்டு பேப்பரோ அந்த மூன்று வருடத்தையும் பிடித்து வைத்திருக்கிறது.

நானும் அப்படி நின்றவன்தான். 2005-ல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் செமஸ்டர் அல்லைடு மேத்ஸில் 22 மார்க். கணக்கு எனக்கு வராத பாடம் இல்லை. போர்டில் 'மேட்ரிக்ஸ்' என்று எழுதி நடத்தியது நான் ஏற்கனவே படித்த அணிகள்தான் என்று பிடிபடவே ஒரு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் பாடம் எங்கேயோ போய்விட்டது. வகுப்பில் எழுந்து கேட்க வெட்கம். எங்கள் பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் அதே கதை.

அடுத்த தேர்வுக்கு அரியர் கட்டணம் கட்டக் கடைசித் தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய வாரம், அப்பாவின் வள்ளம் இன்ஜின் வேலைக்காகக் கரையில் கிடந்தது. நான் மண்டபம் ஊருக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தேதி முடிந்திருந்தது. நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும் அந்தக் கட்டணம். 'ஒரு பேப்பர்தானடா, அப்புறம் பாத்துக்கலாம்' என்றார்கள் கூட்டாளிகள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் வருடம் போனதும் அந்தப் பாடத்தை எனக்கு நடத்த ஆள் இல்லை. அரியர் பேப்பருக்கு வகுப்பு கிடையாது. நடத்திய ஆசிரியர் அடுத்த வருடப் பிள்ளைகளோடு போய்விடுவார், புதுப் பாடங்கள் தலைக்கு மேல் ஏறும். ஒவ்வொரு செமஸ்டரும் மற்றவன் ஐந்து பேப்பருக்குப் படித்தால் நான் ஆறுக்குப் படிக்க வேண்டும், அதிலும் ஆறாவதைத் தானாகவே. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் போயிற்று. 2008-ல் காலேஜை விட்டு வெளியே வந்தபோது அந்த ஒரு பேப்பர் மட்டும் கூடவே வந்தது.

2011 ஏப்ரலில் எழுதி முடித்தேன். உச்சிப்புளியில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், சாயங்காலத்தில் நாற்பது நாள் உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். நாற்பது நாள் வேலைக்கு ஐந்தரை வருடம் போயிருக்கிறது. இடையில் அம்மா கேட்கும்போதெல்லாம் 'சர்ட்டிபிகேட் இன்னும் வரலைம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவும் நம்பி, பக்கத்து வீடுகளில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் ராமேஸ்வரம் தீவில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய அக்கா ஜொஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பிள்ளையைச் சேர்க்க நகை வைப்பது இங்கே இன்றும் நடக்கிறது. சேர்க்கிற அன்றைக்கு அம்மா, மாமா, சித்தி என்று ஒரு ஆட்டோ நிறைய ஆள் போகும். நாலாவது செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்கு அதே பிள்ளை தனியாக நிற்கும். யாரிடமும் சொல்லாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எம்.எட். படிக்கிற ஒரு தங்கச்சி ஆய்வேடு பிரிண்ட் எடுக்க வந்தாள். கல்லூரி மாணவர்கள் ஏன் இடையில் நிற்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. நூற்றைம்பது பக்கம். மெஷினிலிருந்து ஒவ்வொரு தாளாக வர வர நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு ஒரு காப்பி சேத்து எடுத்துக்கங்கண்ணே" என்று அவளே சொன்னாள்.

அதில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு பகுதி. அதன் இரண்டு வருடக் கல்லூரிகளில் 2007-ல் ஏசாப் என்று ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். சேர்கிறவர்கள் முழுநேரமாகப் படிக்க வேண்டும். உதவித்தொகை போகக் கட்டணத்தில் விழும் துண்டைக் கல்லூரி போட்டுக்கொள்ளும். புத்தகத்துக்கு உதவி உண்டு. மாதாமாதம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பயணக் கார்டு உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர் இருப்பார், அவரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் கார்டு. குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்ததில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் பட்டம் வாங்கினார்கள், இல்லாதவர்களில் 22 சதவீதம் பேர்தான். ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகளில் இதையே செய்து பார்த்தபோது 35-ம் 19-ம் வந்திருக்கிறது.

இன்னொன்று அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். 2003-ல் கணக்கெடுத்தபோது, அங்கே சேர்ந்தவர்களில் ஆறு வருடத்துக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பிற்பாடு அது பாதியைத் தாண்டியது. எப்படி என்று பார்த்தேன். 2012-லிருந்து ஒவ்வொரு மாணவரின் மார்க்கையும் பதிவையும் கம்ப்யூட்டர் தினமும் பார்க்கிறது. எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒன்று தட்டினால் ஆலோசகர் கூப்பிட்டுப் பேசுவார். அதோடு, நன்றாகப் படித்துக்கொண்டு கடைசிக் கட்டத்தில் சின்னத் தொகை கட்ட முடியாமல் வகுப்பிலிருந்து பெயர் நீக்கப்படப் போகிற பிள்ளைகளை அவர்களே தேடிப் பிடித்து அந்தப் பாக்கியைக் கட்டிவிடுகிறார்கள். பிள்ளை போய் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்னுடைய அந்த நூறு ரூபாயை யாராவது கவனித்திருந்தால்?

அவர்கள் நாடு வேறு, அவர்கள் கையில் இருக்கும் காசு வேறு. ஆனாலும் பிள்ளை வழுக்குகிற இடம் அங்கேயும் இங்கேயும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பஸ் பாஸ் நம்மிடம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, கட்டணமும் அரசுக் கல்லூரியில் குறைவு. கூப்பிட்டுக் கேட்கிற ஆள்தான் இல்லை.

அந்த வாரமே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் சம்மதித்தால் பெயர், ரிஜிஸ்டர் நம்பர், நிற்கிற பேப்பர், கட்டணத்துக்குக் கடைசித் தேதி, வீட்டில் ஒருவரின் போன் நம்பர் எழுதிக்கொள்வேன். வீட்டு நம்பர் தரத்தான் தயங்குவார்கள். 'பிரச்சினைன்னா கூப்பிட மாட்டேன், தேதி ஞாபகப்படுத்தத்தான்' என்பேன். தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு போன், மூன்று நாள் முன்னால் ஒரு போன். இவ்வளவுதான் நான் செய்வது. ஆனால் போன் போட்டால் மற்ற கதையெல்லாம் வந்துவிடும்.

அப்படி வந்த கதைகளில் ஒன்று பாம்பன் பையனுடையது. முதல் வருடத்திலேயே மூன்று அரியர். 'படிக்கவே மாட்டேங்கிறான்' என்றார் அவன் அம்மா. பேசிப் பார்த்தால், அவன் மாமாவோடு விசைப்படகில் போகிறான். எங்கள் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. திங்கள் போனால் செவ்வாயும் போச்சு, புதன் போனால் வியாழனும் போச்சு. வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் அவன் தூக்கக் கலக்கம் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்த நாள். சனிக்கிழமை போனால் மட்டும் ஞாயிறு காலை வந்து தூங்கிக்கொள்ளலாம், வகுப்பு எதுவும் போகாது. ஒரு தாளில் கட்டம் போட்டு அவன் மாமாவிடம் காட்டினேன்.

"ஆள் பத்தலைன்னா நான் என்ன செய்யிறது தம்பி?" என்றார்.

"சனிக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க மாமா. மத்த ரெண்டு நாளைக்கு வேற ஆள் பாருங்க. ரெண்டு வருசம்தான்."

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த வாரம் ஆள் மாற்றிவிட்டார். வாரத்துக்கு இரண்டு பங்குப் பணம் குறைந்தது, அந்த வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. பையன் இப்போது மூன்றாம் வருடம். மூன்று அரியரில் இரண்டு போய்விட்டது.

சின்னப்பாலத்துப் பெண் ஒருத்தியின் கதை வேறு. மார்க்கெல்லாம் நன்றாக வாங்குவாள், வருகைப்பதிவுதான் பிரச்சினை. அவள் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் அந்த வேலை. அம்மா விடியுமுன் போய்விட்டால் தம்பியைக் கிளப்புவது, பாட்டிக்குக் கஞ்சி வைப்பது எல்லாம் இவள் கையில். மாதத்துக்கு நாலு நாள் வீட்டில் நின்றுவிடுவாள்.

அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 75 சதவீதத்துக்கு 68 நாள் இருக்க வேண்டும். விடுப்புக்கு 22 நாள்தான். மாதம் நாலு நாள் என்றால் நாலரை மாதத்தில் 18 போய்விடும். மிச்சம் நாலு. ஒரு காய்ச்சல், ஒரு சொந்தக்காரர் கல்யாணம், அத்தோடு சரி. அதுக்குக் கீழே போனால் மருத்துவச் சான்றும் அபராதக் கட்டணமும். இன்னும் கீழே போனால் ஹால் டிக்கெட்டே கிடையாது. "நாலு நாள்தானேன்னு நெனச்சேண்ணே" என்றாள். மாதத்துக்கு நாலு நாள் எவருக்கும் பெரிதாகத் தெரியாது. செமஸ்டர் கடைசியில் வருகிற பட்டியலில்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

அவள் அத்தை இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நாலு நாளில் இரண்டு நாள் அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மாதக் கடைசியில் க்ளாஸ் இன்சார்ஜிடம் போய் 'மேடம், எனக்கு எத்தனை சதவீதம் இருக்கு' என்று கேட்டு வரச் சொன்னேன். முதல் தடவை கேட்க அவ்வளவு பயந்தாள். கேட்டதும் அந்த மேடம் உட்கார வைத்து அரைமணி நேரம் பேசியிருக்கிறார். அப்புறம் அவர் கிளாஸில் எல்லாருக்கும் மாதாமாதம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தீவிலிருந்து ராமநாதபுரத்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பயணமே ஒரு பாடம். ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறக்கும் வரை இரண்டேகால் வருடத்துக்கும் மேல் தீவுக்குள் ரயில் கிடையாது, பஸ் மட்டும்தான். அமாவாசைக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. முதல் மணி நேரத்தில் வருகை எடுத்துவிட்டால் அரை நாள் போச்சு. அந்த இரண்டேகால் வருடத்தில் படித்தவர்களின் அரியர் பட்டியலை எடுத்து முதல் மணி நேரத்துக்கு எந்தப் பாடம் இருந்தது என்று யாராவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இப்போது கலாம் பெயரில் ராமேஸ்வரத்திலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருப்பது பெரிய ஆறுதல்.

பணம் எப்போது கையில் இருக்கும் என்பதும் இங்கே கடல்தான் முடிவு செய்யும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. செமஸ்டர் தேர்வு நடக்கிற நாளும், அடுத்த வருடக் கட்டணம் கேட்கிற நாளும் இந்த அறுபது நாளிலோ அதன் வாலிலோதான் விழுகின்றன. தடைக்கால நிவாரணம் 5000 ரூபாயாக இருந்தது. அதை 8000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். நல்லதுதான், ஆனால் அது அடுப்புக்கே சரியாகப் போய்விடுகிறது. கடலோரக் கல்லூரிகள் ஜூன் கட்டணத்தை ஆகஸ்டில் அபராதமில்லாமல் வாங்கிக்கொண்டால் எத்தனையோ பேர் மிஞ்சுவார்கள். ஒரு பைசா தள்ளுபடி வேண்டாம், இரண்டு மாதம் தள்ளி வாங்கினால் போதும்.

புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி என் கடையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் படிக்கும்போது மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் பிள்ளையின் சொந்தக் கணக்கில் விழுகிறது, அதுதான் முக்கியம். தேர்வுக் கட்டணத்துக்கு அப்பாவிடம் நின்ற பெண்கள் இப்போது ஏ.டி.எம். ரசீதோடு கடைக்கு வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினாலும் 'இன்னும் ஒரு வருசம் இருக்கு, மாசம் பணம் வருது' என்று அம்மாக்கள் தைரியமாகச் சொல்வதை இரண்டு மூன்று வீடுகளில் என் காதால் கேட்டேன். ஆதார் இணைப்பு விட்டுப்போய்ப் பணம் வராமல் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சும்மா இருந்துவிடாமல் வங்கியில் போய்க் கேட்க வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சபராளியாக, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போவது உங்கள் குடும்பத்து வழி, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஆறாவது செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது விசா வந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். உங்கள் வாப்பாவிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். பட்டத்தோடு போகிறவனுக்கும் இல்லாமல் போகிறவனுக்கும் அங்கே என்ன வேலை கிடைக்கிறது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கல்லூரிகளில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் ஒரு பேப்பர் நிற்கிறவனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஆறு நிற்கிறவனை எல்லாரும் கவனிப்பார்கள், ஒன்று நிற்கிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த ஒரு பேப்பருக்கு அடுத்த தேர்வுக்குள் சாயங்காலத்தில் இருபது வகுப்பு, தமிழில், மேட்ரிக்ஸ் என்றால் அணிகள் என்று முதல் நாளே சொல்லி. அதற்குப் பெரிய நிதி வேண்டாம். கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த சம்பளத்தில் ஏற்கனவே எவ்வளவு சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த இருபது வகுப்புக்கும் அவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் மேடையும் மைக்செட்டும் போடும் காசில் அது முடியும்.

நிற்கிற பேப்பரோடு பல வருடம் ஆகிப்போன அண்ணன் தம்பிகளும் கூச்சப்படாமல் வாருங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் எந்தப் பேப்பர் உங்களுடையதற்குச் சமம் என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மனு நான் அடித்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இந்தத் தேர்வுக்கு நோட்டில் 17 பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேர் கட்டிவிட்டார்கள். கடைசித் தேதி வருகிற செவ்வாய். மீதி எட்டுப் பேரில் மூன்று பேர் போனை எடுக்கவில்லை. இன்றைக்கு சனிக்கிழமை, படகு போயிருக்கும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் திரும்பக் கூப்பிட வேண்டும்.